டிஸ்ப்ளே உடைந்தால் எதைப் போடுவது? – வாசகர் கேள்வி பதில்

போன் டிஸ்ப்ளே பற்றி பெங்களூரு வாசகர்கள் அனுப்பிய கேள்விகளை இந்த முறை ஒன்றாகச் சேர்த்திருக்கிறோம். எஸ்.பி. ரோடு, மெஜஸ்டிக் நேஷனல் மார்க்கெட், சிவாஜிநகர் கடைகளில் புழங்கும் பெயர்களையே பதில்களிலும் வைத்திருக்கிறோம். கவுண்டரில் நின்று பேரம் பேசும்போது அவைதான் கைகொடுக்கும்.

கே: ஐபோன் 13-இன் திரை நொறுங்கிவிட்டது. ஒரு கடையில் இன்செல், ஹார்ட், சாஃப்ட், ஒரிஜினல் என்று நான்கு விலை சொன்னார்கள். அடுத்த கடையில், "எங்ககிட்ட எல்லாமே ஒரிஜினல்தாம்மா" என்கிறார்கள். எங்கே கொடுப்பது?
– வாசகி, அல்சூர்

ப: நான்கு விலை சொன்ன கடையில் கொடுங்கள். கடைத்தெருவில் 'ஒரிஜினல்' என்ற சொல் தேய்ந்து போய் வெகுநாளாகிறது. கம்பெனி பார்ட்டும் ஒரிஜினல், உடைந்த வேறொரு போனிலிருந்து கழற்றியதும் ஒரிஜினல், பழைய பேனலின் (படம் காட்டும் உள்தகடு) மேல் புதுக் கண்ணாடி ஒட்டியதும் ஒரிஜினல். நல்ல காப்பியைக்கூட அப்படிச் சொல்லி விற்பவர்கள் உண்டு. அதனால் "ஒரிஜினலா?" என்று கேட்பதில் பயனில்லை. "பேனல் என்ன வகை?" என்று கேளுங்கள்.

உங்கள் போன் பிறந்ததே சாஃப்ட் ஓஎல்இடியோடு. திரையின் ஒவ்வொரு புள்ளியும் (பிக்சல்) தானே ஒளிவிடும். கறுப்பு வேண்டிய இடத்தில் புள்ளி அணைந்தே போகும். அந்தப் புள்ளிகள் மெல்லிய பிளாஸ்டிக் படலத்தின்மேல் அமைந்திருப்பதால் அதற்கு 'சாஃப்ட்' என்று பெயர். படலத்தின் அடிமுனையைப் பின்பக்கம் மடித்துவிட முடியும் என்பதால்தான் திரையைச் சுற்றியுள்ள கறுப்பு ஓரம் நாலு பக்கமும் ஒரே அகலத்தில் இருக்கிறது.

ஹார்ட் ஓஎல்இடியில் நிறமும் கறுப்பும் ஏறக்குறைய அதே தரம்தான். ஆனால் புள்ளிகள் கண்ணாடித் தகட்டின்மேல் இருக்கின்றன. போன் கீழே விழும்போது வெளிக்கண்ணாடி தப்பினாலும் உள்தகடு விரிந்து, மூலையில் மை கொட்டியதுபோல் கறுப்பு பரவும். விரிசலோடு ஓட்டிக்கொண்டிருக்கும் ஐபோன்களை நீங்கள் பார்த்திருப்பீர்கள். ஹார்ட் போட்ட போனில் அந்த வசதி கிடையாது, விழுந்தால் பெரும்பாலும் அத்தோடு போச்சு.

இன்செல் என்பது எல்சிடி. அதற்குப் பின்னால் எப்போதும் ஒரு விளக்கு எரிந்துகொண்டே இருக்கும். பேனல் கனமாவதால் திரை சட்டத்தைவிட ஒரு நூலளவு மேலே நிற்கலாம். கீழ் ஓரத்துக் கறுப்புப் பட்டையும் அகலமாகும். கறுப்பு சாம்பலாகத் தெரியும். டார்க் மோடு போட்டுப் பேட்டரி மிச்சப்படுத்தும் வித்தை இதில் செல்லாது. வெயிலில் ஒளி போதாது. காப்பி இன்செல்களில் பல, புள்ளி எண்ணிக்கையும் குறைவாக வருபவை. சின்ன எழுத்தின் விளிம்பில் அது தெரிந்துவிடும்.

எங்கள் கணக்கு இதுதான். போனை இன்னும் ஒன்றிரண்டு வருஷம் வைத்திருப்பதென்றால் சாஃப்ட். ஆறே மாதத்தில் கைமாற்றப் போகிறீர்கள், அல்லது வீட்டில் பெரியவர்கள் கால் பேச மட்டும் வேண்டும் என்றால் இன்செல் போதும், ஆனால் இன்செல் விலைக்கே வாங்குங்கள். நடுவில் நிற்கும் ஹார்ட்டை ஐபோனுக்கு நாங்கள் சொல்வதில்லை. மிச்சமாகும் காசு ஒரு விழுதலில் போய்விடும்.

கழற்றிய ஒரிஜினல் கிடைத்தால் அது சாஃப்ட் காப்பியைவிட மேல்தான். ஒன்றை மட்டும் பாருங்கள். வெளிர் சாம்பல் நிறப் படத்தைத் திரை முழுக்க வைத்து, மேலே பேட்டரிக் குறி இருக்கும் இடத்திலும் கீழே கீபோர்டு வரும் இடத்திலும் நிழல் படிந்திருக்கிறதா என்று கவனியுங்கள். படிந்திருந்தால் முந்தைய சொந்தக்காரர் அதை நன்றாகவே உழைக்க வைத்துவிட்டார் என்று அர்த்தம்.

கே: சாம்சங் ஏ51-க்கு டிஸ்ப்ளே மாற்றினேன். படம் நன்றாகத் தெரிகிறது, ஆனால் கைரேகை வேலை செய்யவில்லை. சாஃப்ட்வேர் அப்டேட் செய்தால் சரியாகும் என்கிறார் கடைக்காரர். சரியாகுமா?
– வாசகர், ஈஜிபுரா

ப: ஆகாது. உங்களுக்குப் போட்டிருப்பது அநேகமாக டிஎஃப்டி காம்போ, அதாவது கண்ணாடியும் பேனலும் ஒட்டியே வரும் எல்சிடி வகை. ஏ51-இல் கைரேகை சென்சார் திரைக்கு அடியில் இருக்கிறது. விரல் வைத்ததும் அந்த இடத்துப் புள்ளிகள் பளிச்சென்று எரிந்து, விரலில் பட்டுத் திரும்பும் ஒளி புள்ளிகளின் இடுக்கு வழியே சென்சாருக்கு இறங்க வேண்டும். எல்சிடியின் முதுகில் விளக்குத் தகடு அடைத்துக்கொண்டு நிற்கிறது. ஒளி இறங்க வழியில்லாதபோது எந்த அப்டேட் வந்து என்ன செய்யும்?

வீட்டிலேயே உறுதி செய்துகொள்ளலாம். இரவில் விளக்கை அணைத்து, முழுக் கறுப்புப் படம் ஒன்றைத் திறந்து பிரைட்னஸை முழுசாக ஏற்றுங்கள். திரை எது, இருட்டு எது என்று தெரியாமல் கலந்துவிட்டால் அமோலெட், அதாவது ஓஎல்இடி வகை. திரை மட்டும் சாம்பலாக மினுங்கினால் டிஎஃப்டி.

மாற்றுவதென்றால் அமோலெட் காம்போ கேளுங்கள். இங்கே ஒரு விஷயம்: ஐபோனுக்கு வேண்டாம் என்ற ஹார்ட் ஓஎல்இடி உங்களுக்குப் பொருந்தும், ஏனென்றால் ஏ51-க்கு கம்பெனி போட்டதே கண்ணாடித் தகட்டு அமோலெட்தான். காப்பி அமோலெட்டிலும் சிலவற்றில் கைரேகை படிக்காது. ஒட்டும் முன்பே கேபிளை மட்டும் மாட்டி, பழைய ரேகைகளை அழித்துவிட்டுப் புதிதாகப் பதிந்து பார்க்கச் சொல்லுங்கள். திரைமேல் காப்புக்கு ஒட்டும் டெம்பர் கண்ணாடி இல்லாமல் சோதிக்க வேண்டும். தடித்த டெம்பரே பல நேரம் ரேகையை மறைக்கும்.

'வித் ஃபிரேம்', அதாவது உள்சட்டத்தோடு வருவதை வாங்குங்கள், கொஞ்சம் கூடுதலானாலும். பழைய ஃபிரேமில் ஒட்டும்போது முந்தைய பசையை ஓரம் ஓரமாகச் சுரண்டி எடுக்க வேண்டும். ஒரு கண்ணாடித் துணுக்கு தங்கினாலும், ஃபிரேம் மூலை விழுந்து நெளிந்திருந்தாலும், புதுப் பேனல் அந்தப் புள்ளியில்தான் விரியும். ஃபிரேமோடு வந்தால் மெயின் போர்டு, பேட்டரி, சார்ஜிங் ஸ்ட்ரிப் (வளையும் மெல்லிய கேபிள்) எல்லாவற்றையும் இடம் மாற்ற வேண்டியிருக்கும். வேலை நேரம் அதிகம், அதனால் சில கடைகள் தட்டிக்கழிக்கும். கம்பெனி சர்வீஸ் பேக் (கம்பெனியே உதிரிபாகமாக அனுப்பும் பெட்டி) என்று சொன்னால் பெட்டி ஸ்டிக்கரைப் பாருங்கள். சாம்சங் டிஸ்ப்ளேக்களுக்குப் பெரும்பாலும் ஜிஎச்82 என்று தொடங்கும் எண் இருக்கும். எண்ணைத் தேடினால் எந்த மாடலுக்கானது என்று வந்துவிடும். ஸ்டிக்கரையும் காப்பி அடிக்கிறார்கள் என்பதால் அதை மட்டும் நம்பிக் காசை எண்ணிவிடாதீர்கள்.

கே: ஐபோன் 11-க்கு "இன்செல் வேண்டாம் சார், ஓஎல்இடியா போட்டுத் தர்றேன்" என்கிறார்கள். ஒத்துக்கொள்ளலாமா?
– வாசகர், பிரேசர் டவுன்

ப: ஐபோன் 11 எல்சிடி போன். 11 புரோவுக்குத்தான் ஓஎல்இடி. இரண்டையும் கலந்து பேசுகிறார், அல்லது விலையை ஏற்றப் பேசுகிறார். அத்தோடு, டச் படலம் எல்சிடிக்குள்ளேயே இருப்பதுதான் இன்செல். 2012-இல் வந்த ஐபோன் 5-இலிருந்தே ஆப்பிளின் சொந்த எல்சிடிகள் அப்படித்தான். உங்கள் போனைப் பொறுத்தவரை அந்தச் சொல்லில் கெடுதல் எதுவும் இல்லை. ஓஎல்இடி போனுக்கு இன்செல் போட்டால்தான் தரம் இறங்குகிறது. நீங்கள் கேட்க வேண்டியது, கண்ணாடி மட்டும் மாற்றிய ஒரிஜினல் எல்சிடி இருக்கிறதா என்பதே. 11-க்கு அதுதான் நியாயமான விலையில் நல்ல சரக்கு.

கே: மேல் கண்ணாடி மட்டும்தான் உடைந்திருக்கிறது. படம், டச் இரண்டும் சரியாக இருக்கின்றன. கண்ணாடி மட்டும் மாற்றினால் செலவு குறையும் என்கிறார்களே, செய்யலாமா? சிலர் வேண்டவே வேண்டாம் என்கிறார்கள்.
– வாசகர், கே.ஆர்.புரம்

ப: இரண்டு பேர் சொல்வதும் சரி. யாரிடம், எந்த மெஷினில் என்பதைப் பொறுத்த வேலை இது.

கண்ணாடியும் பேனலும் ஓசிஏ என்ற ஒளி ஊடுருவும் பசைத்தாளால் ஒட்டப்பட்டவை. முதலில் டிஸ்ப்ளேயை ஃபிரேமிலிருந்து எடுக்க வேண்டும். அமோலெட் போன்களில் மொத்த வேலையிலும் ஆபத்தான கட்டம் இதுதான். சுமார் 80 டிகிரிக்குச் சூடேற்றி, பிளாஸ்டிக் அட்டையை ஓரத்தில் நுழைத்து, மில்லிமீட்டர் மில்லிமீட்டராக நகர்த்த வேண்டும். அவசரப்பட்டு அட்டை ஆழமாகப் போனால் அடிப்பக்கத்து ஸ்ட்ரிப் கிழியும். அதன்பின் சூடான தட்டில் வாக்யூம் பிடிப்பில் வைத்து, தலைமுடியைவிடச் சற்றே பருமனான மாலிப்டினம் கம்பியைக் கண்ணாடிக்கும் பேனலுக்கும் நடுவே இழுத்துப் பிரிப்பார்கள். ஓரம் வளைந்த திரைகளுக்குக் கம்பி ஒத்துவராது. உறைய வைத்துப் பிரிக்கும் மெஷின் வேண்டும். பேனல்மேல் மிஞ்சிய பசையைக் கீறல் விழாமல் துடைத்து, புது ஓசிஏ தாளோடு கண்ணாடியை வாக்யூம் லேமினேட்டரில் ஒட்டி, கடைசியாகக் காற்றழுத்தப் பெட்டியில் வைத்துக் குமிழ்களைக் கரைக்க வேண்டும்.

எது தவறும்? கம்பி சாய்ந்தால் மறுநாளே ஒரு பச்சைக்கோடு. பெட்டியில் போதுமான நேரம் வைக்காமல் எடுத்தால், கடையில் சுத்தமாக இருந்த திரையில் இரண்டு நாள் கழித்து ஓரத்தில் குமிழ் திரும்பி வரும். தூசி புகுந்தால் வெள்ளைத் திரையில் ஒரு புள்ளி. அதை எடுக்க மறுபடி முழுதும் பிரிக்க வேண்டும். இதையெல்லாம்விட மோசமானது, லேமினேட்டர் இல்லாத கடைகள் திரவப் பசையை ஊற்றி யூவி விளக்கில் காயவைப்பது. பசை ஓரத்தில் கசிந்து பேனலுக்குள் இறங்கி, சில வாரத்தில் மஞ்சள் திட்டாக ஊறும். அதன்பிறகு அந்தப் பேனலைக் காப்பாற்ற வழியில்லை.

ஆகவே கடைக்காரரிடம் கேட்க வேண்டியவை இரண்டு. லேமினேட்டரும் குமிழ் எடுக்கும் பெட்டியும் கடையிலேயே இருக்கின்றனவா, இல்லை வெளியே அனுப்புகிறாரா? வேலையின்போது பேனல் போனால் யார் பொறுப்பு? பெரும்பாலும் "ரிஸ்க் உங்களுது" என்பார்கள். அந்தப் பதிலுக்கு ஏற்ற விலையைப் பேசுங்கள்.

எல்சிடி போன், அதுவும் குறைந்த விலை மாடல் என்றால் இந்த வம்பே வேண்டாம், காம்போவையே மாற்றிவிடலாம். விலை வித்தியாசம் சொற்பம். அமோலெட் பேனல் நல்ல நிலையில் உள்ள விலையுயர்ந்த போனுக்குத்தான் கண்ணாடி மாற்றம் லாபம், ஏனென்றால் உங்கள் ஒரிஜினல் பேனல் உங்களிடமே இருக்கிறது. பேனலில் ஏற்கெனவே கோடோ கறுப்புப் புள்ளியோ இருந்தால் கண்ணாடி மாற்றிப் பயனில்லை.

கே: ஐபோன் 12-க்கு வெளிக்கடையில் டிஸ்ப்ளே மாற்றியதும் 'டிஸ்ப்ளே ஒரிஜினலா என்று உறுதி செய்ய முடியவில்லை' என்று மெசேஜ் வருகிறது. ட்ரூ டோனும் காணாமல் போய்விட்டது. ஃபேஸ் ஐடி மட்டும் வேலை செய்கிறது. ஏமாந்துவிட்டேனா?
– வாசகி, எலெக்ட்ரானிக் சிட்டி

ப: மெசேஜ் வருவதை வைத்து மட்டும் அப்படிச் சொல்ல முடியாது. ஐபோன் 11 முதல், டிஸ்ப்ளேயின் அடையாள எண் போர்டில் பதிந்த எண்ணோடு பொருந்தாவிட்டால் இந்த அறிவிப்பு வரும். இன்னொரு ஐபோன் 12-இலிருந்து கழற்றிய அசல் திரையைப் போட்டாலும் வரலாம். முதல் 4 நாள் லாக் ஸ்கிரீனில், பிறகு 15 நாள் செட்டிங்ஸில் முன்னால் நிற்கும். அப்புறம் ஜெனரல், அபவுட் பக்கத்துக்குள் போய் உட்கார்ந்துகொள்ளும். டச்சையோ படத்தையோ அது தடுப்பதில்லை.

ட்ரூ டோன் (சுற்றுவெளிச்சத்துக்கு ஏற்பத் திரையின் நிறத்தைச் சரிசெய்யும் வசதி) போனதற்குக் காரணம், பழைய திரையின் சிப்பில் இருந்த தரவைப் புதியதற்கு மாற்றாதது. அதற்கென்று ஒரு சின்ன புரோகிராமர் கருவி உண்டு. ஓரளவு பெரிய கடைகளில் இருக்கும். பழைய திரையை அதில் மாட்டிப் படித்து, புதியதில் எழுத வேண்டும். பழைய திரை இல்லாமல் போனால் சிக்கல். அதனால்தான் உடைந்த டிஸ்ப்ளேயைக் கடையிலேயே விட்டுவிட்டு வராதீர்கள் என்கிறோம். வேண்டாம் என்றாலும் சும்மா கொடுக்க வேண்டியதில்லை. கண்ணாடி மட்டும் உடைந்த ஒரிஜினல் பேனலுக்கு மார்க்கெட்டில் விலை இருக்கிறது, கண்ணாடி மாற்றி மறுபடி விற்பார்கள். ஒன்று கையில் வாங்குங்கள், இல்லை பில்லில் கழிக்கச் சொல்லுங்கள்.

மெசேஜே வராமல் செய்கிறோம் என்று சொல்பவர்கள் பழைய ஸ்ட்ரிப்பிலிருந்து ஐசியை (சிப்) சூடேற்றி எடுத்துப் புதியதில் சால்டர் செய்கிறார்கள். கைதேர்ந்தவர் செய்தால் நிற்கும். சூடு கூடினால் புதுத் திரையும் போகும், பழைய ஐசியும் போகும். ஒரு அறிவிப்பை மறைப்பதற்காக மட்டும் இந்த ரிஸ்க் தேவையில்லை.

ஃபேஸ் ஐடி பிழைத்ததற்குக் கடைக்காரரைப் பாராட்ட வேண்டும். ஐபோன் எக்ஸ் முதல் 12 வரை, ஃபேஸ் ஐடிக்கு வெளிச்சம் தரும் பாகம் இயர்பீஸ் ஸ்ட்ரிப்பில், திரையின் பின்பக்கமே ஒட்டியிருக்கும். பழைய திரையிலிருந்து பிரித்துப் புதியதில் வைக்கும்போது கிழிந்தால் ஃபேஸ் ஐடி போய்விடும். புது ஸ்ட்ரிப் வாங்கிப் போட்டாலும் அந்தப் போர்டு ஏற்றுக்கொள்ளாது. 13-இலிருந்து அது திரையை விட்டு உடலுக்குள் போய்விட்டது. 2021-இல் 13 வந்த புதிதில் வேறு திரை போட்டால் ஃபேஸ் ஐடி நின்றது உண்மை. ஐஓஎஸ் 15.2-இல் அது சரிசெய்யப்பட்டது. அந்தப் பழைய கதையைச் சொல்லி இன்னமும் பயமுறுத்துகிறவர்கள் இருக்கிறார்கள்.

கே: டெலிவரி வேலை. புது டிஸ்ப்ளே போட்டதிலிருந்து தொடாமலே ஆப் திறக்கிறது, மேப் தானாக நகர்கிறது. சார்ஜ் போடும்போது அதிகம். மழையில் நனைந்தும் இருக்கலாம்.
– வாசகர், ஸ்ரீராமபுரம்

ப: 'சார்ஜ் போடும்போது' என்று எழுதியதால் பாதி வேலை முடிந்தது. டெம்பரைக் கழற்றி, திரையை உலர்ந்த துணியால் துடைத்து, முதலில் சார்ஜர் இல்லாமல் பத்து நிமிஷம் பாருங்கள். பிறகு போனோடு வந்த சார்ஜரில் பாருங்கள். வண்டியில் மாட்டிய மலிவு சார்ஜரில் மட்டும் வந்தால் குற்றம் சார்ஜருடையது. அதன் மின்சாரத்தில் இரைச்சல் அதிகம். டச் ஐசி அதை விரல் என்று நினைத்துக்கொள்கிறது. காப்பி திரைகளுக்கு இந்த இரைச்சலைத் தாங்கும் தெம்பு குறைவு.

எந்தச் சார்ஜரிலும் வந்தால் பொருத்தியதில் குறை. பேனல் முதுகில் செம்புத்தாளோ கறுப்பு டேப்போ ஒட்டி ஃபிரேமோடு எர்த் ஆகும்படி இருக்கும். அவசரத்தில் அதைப் பழைய டிஸ்ப்ளேயோடு தூக்கி எறிந்துவிடுவது அடிக்கடி நடக்கிறது. கனெக்டர் மேலிருக்கும் தகரத் தகட்டையும் அதன் ஸ்குரூக்களையும் போடாமல் விட்டால், மேடு பள்ளத்தில் வண்டி குதிக்கும்போதெல்லாம் கனெக்டர் இளகும். சார்ஜர் இல்லாதபோதும் ஒரே பட்டையாக, உதாரணத்துக்கு மேலிருந்து இரண்டு விரல் அகலத்தில் மட்டும் தானே தொட்டுக்கொண்டால் பேனல் பழுது, மாற்றித் தரச் சொல்லுங்கள்.

மழை விஷயம்: தண்ணீர் தாங்கும் என்பதற்கு அடையாளமான ஐபி68 எழுதிய போனாக இருந்தாலும், திறந்து மூடிய பிறகு அந்த நம்பிக்கையை விட்டுவிடுங்கள். தண்ணீரைத் தடுத்தது விளிம்பில் இருந்த பசை வளையம். புதுத் திரையோடு புது வளையமும் போட்டார்களா என்று கேளுங்கள். எப்படியும் ஜிப் பை வேண்டும்.

கே: பணம் கொடுக்கும் முன் கடையிலேயே என்னென்ன சோதிக்க வேண்டும்?
– வாசகி, மர்பி டவுன்

ப: பசை போடும் முன் ஒருமுறை, போட்ட பின் ஒருமுறை. முதல் சோதனைதான் முக்கியம். ஒட்டியபிறகு கழற்றினால் "டேமேஜ் ஆயிடுச்சு" என்று வாரன்டி மறுக்க அது ஒரு சாக்காகிவிடும்.

சாம்சங்கில் டயல் செய்யும் இடத்தில் *#0*# அடித்தால் சோதனைப் பட்டியல் வரும். சிவப்பு, பச்சை, நீலம் மூன்றையும் முழுத்திரையில் பாருங்கள். டச் என்ற கட்டத்தில் விரலால் எல்லாக் கட்டங்களையும் நிரப்புங்கள், ஒரு கட்டமும் மிச்சம் இருக்கக்கூடாது. ரெட்மி, ஷாவ்மி போன்களில் *#*#6484#*#*. மற்றவற்றில் ஏதாவது ஒரு ஐகானை அழுத்திப் பிடித்துத் திரையின் மூலை முடுக்கெல்லாம் இழுத்துச் செல்லுங்கள். எந்த இடத்தில் நழுவி விழுகிறதோ அங்கே டச் இல்லை.

அடுத்து ஒரு கால் போட்டுக் காதில் வையுங்கள். திரை அணைய வேண்டும், எடுத்தால் எரிய வேண்டும். பேசும்போது கன்னம் பட்டுக் கால் கட்டாகிறது என்று வரும் புகார்களில் பல, ப்ராக்சிமிட்டி சென்சார் துளைக்கு நேராக கண்ணாடியை வைக்காததால் வருபவை. ஆட்டோ பிரைட்னஸ், முன் கேமரா, இயர்பீஸ் சத்தம், கைரேகை. 120 ஹெர்ட்ஸ் (நொடிக்கு 120 முறை திரையைப் புதுப்பிக்கும்) போன் என்றால் செட்டிங்ஸில் அந்தத் தேர்வு இன்னும் இருக்கிறதா, வேகமாக உருட்டினால் எழுத்து வழுக்கிக்கொண்டு போகிறதா என்று பாருங்கள். ஐபோன் 13 புரோவின் 120 ஹெர்ட்ஸ் திரைக்கு இன்செல் போட்டால் பெரும்பாலும் 60-க்கு இறங்கிவிடும்.

பேனல் வகையில் சந்தேகமா? இன்னொரு போனின் மேக்ரோ கேமராவை வெள்ளைத் திரைக்கு ஒட்டினாற்போல் பிடியுங்கள். சிவப்பு, பச்சை, நீலம் மூன்றும் கோடு கோடாக, செங்கல் அடுக்கினாற்போல் நின்றால் எல்சிடி. பச்சைப் புள்ளிகள் அதிகமாகவும் சிவப்பும் நீலமும் இடைவிட்டும் சாய்சதுரமாகத் தெரிந்தால் ஓஎல்இடி. இதற்குக் கடைக்காரர் முகம் சுளித்தால் சுளிக்கட்டும்.

கே: கீழே விழவே இல்லை, திடீரென்று பச்சைக்கோடு. ரீசெட் செய்தால் போகுமா?
– வாசகர், ஒயிட்ஃபீல்டு

ப: போகாது. ஓஎல்இடியில் ஒரு வரிசைக்குப் போகும் மின்தடம் ஸ்ட்ரிப் இணைப்பில் விட்டுப்போயிருக்கிறது. வெப்பம், ஈரம், பேன்ட் பாக்கெட்டில் அழுத்தம் எல்லாம் காரணம் ஆகலாம். முதலில் கம்பெனி சர்வீஸ் சென்டரில் ஐஎம்இஐ எண்ணை (போனின் தனி அடையாள எண்) கொடுத்துக் கேளுங்கள். விரிசல் இல்லாத திரையில் வரும் பச்சைக்கோட்டுக்கு வாரன்டி முடிந்தபின்னும் இலவசமாக மாற்றித் தரும் திட்டத்தை சில கம்பெனிகள் இந்தியாவில் அறிவித்திருக்கின்றன. வெளிக்கடையில் ஒருமுறை திறந்துவிட்டால் அந்த வாய்ப்பு போகும். கோட்டை மெஷினில் சரிசெய்பவர்களும் உண்டு, ஆனால் அது எத்தனை நாள் நிற்கும் என்பதற்கு உத்தரவாதம் கேட்காதீர்கள்.

கே: புது ஓஎல்இடி போட்டபின் இரவில் படித்தால் கண் வலிக்கிறது.
– வாசகி, இந்திராநகர்

ப: பிரைட்னஸைக் குறைக்கும்போது பல ஓஎல்இடி திரைகள் ஒளியை நிஜமாகவே மங்கச் செய்வதில்லை, வேகமாக அணைத்து அணைத்து எரிகின்றன. நல்ல பேனல்களிலேயே நொடிக்கு 240 முறை போல இது நடக்கிறது. மலிவுக் காப்பிகளில் துடிப்பு இன்னும் முரட்டுத்தனமாக இருக்கலாம். வேறொரு போனில் ஸ்லோ மோஷனில் எடுத்துப் பாருங்கள், பட்டை பட்டையாக ஓடும். பிரைட்னஸைப் பாதிக்கு மேல் வைத்து, செட்டிங்ஸில் திரையின் வெண்மையைக் குறைக்கும் வசதியைப் போடுங்கள். சிலருக்கு எதுவும் ஒத்துக்கொள்ளாது. அவர்களுக்கு எல்சிடி போன்தான்.

கே: மாற்றிய ஒரே மாதத்தில் திரை ஒரு பக்கம் தூக்கிக்கொண்டது. பசை போட்டு அழுத்திவிடலாமா?
– வாசகர், ஓக்லிபுரம்

ப: அழுத்தும் முன் பக்கவாட்டில் வெளிச்சம் அடித்துப் பாருங்கள். ஓரம் மட்டும் எழும்பி நடு தட்டையாக இருந்தால் பசைக் குறை. நடுவே வயிறு உப்பினாற்போல் இருந்தால் பேட்டரி வீங்கியிருக்கிறது. அதை அழுத்துவது தீயோடு விளையாடுவது. சார்ஜ் போடாமல் அணைத்து, நேராகக் கடைக்குக் கொண்டு போங்கள்.

பசைக் குறை என்றால், பழையதைச் சுத்தமாக எடுத்து பி7000 அல்லது கறுப்பு டி7000 பசையை மெல்லிய கோடாக விட்டு, கிளிப்போ ரப்பர் பேண்டோ போட்டு மூன்று மணி நேரமாவது அழுத்தத்தில் வைக்க வேண்டும். முழுசாகக் காய ஒரு நாள், சில நேரம் இரண்டு நாள். அரைமணி நேரத்தில் கையில் தருவது ஒட்டு டேப் போடும் ஐபோனுக்குச் சரி. திரவப் பசை போடும் ஆண்ட்ராய்டுக்கு அது அவசரக் கோலம். அள்ளித் தெளித்த பசை இயர்பீஸ் வலையையும் அடைக்கும்.

கே: சாஃப்ட் ஓஎல்இடி என்று பணம் வாங்கிக்கொண்டு இன்செல் போட்டிருக்கிறார்கள். பில்லில் 'டிஸ்ப்ளே – 1' என்று மட்டும் இருக்கிறது. என்ன செய்யலாம்?
– வாசகர், தாசரஹள்ளி

ப: அந்த 'டிஸ்ப்ளே – 1'தான் உங்கள் வழக்கைப் பலவீனமாக்குகிறது. வாட்ஸ்அப்பில் விலை பேசியிருந்தால் அதை அழிக்காமல் வையுங்கள், அதுவும் ஆதாரம். இருட்டில் கறுப்புத் திரை, மேக்ரோ படம் இரண்டையும் எடுத்துக்கொண்டு முதலில் கடையில் பேசுங்கள். வித்தியாசத் தொகையைத் தந்து முடித்துக்கொள்வார்கள் பெரும்பாலும். இல்லையென்றால் தேசிய நுகர்வோர் உதவி எண் 1915. 2019-ஆம் ஆண்டு நுகர்வோர் பாதுகாப்புச் சட்டத்தில் குறைபாடுள்ள சேவையும் வரும்; மாவட்ட ஆணையத்தில் வக்கீல் இல்லாமலே மனு கொடுக்கலாம்.

இனிமேல் போவோர், பில்லில் இப்படி எழுதச் சொல்லுங்கள்: மாடல், பேனல் வகை, ஃபிரேமோடா இல்லாமலா, டச்சுக்கும் கோட்டுக்கும் எத்தனை மாத வாரன்டி, பழைய டிஸ்ப்ளே திருப்பித் தரப்பட்டதா. கம்பெனிகள் பழுதுபார்ப்பு விவரங்களையும் உதிரிபாக விவரங்களையும் போட்டுவைக்க மத்திய நுகர்வோர் விவகாரத் துறை 2022 டிசம்பரில் 'ரைட் டு ரிப்பேர்' தளம் ஒன்றைத் தொடங்கியது. கடைக்குப் போகும் முன் உங்கள் பிராண்டை அதில் ஒருமுறை பார்த்துவிடலாம்.

கே: திரை முழுக்கக் கறுப்பு. போன் அடிக்கிறது, எடுக்க முடியவில்லை. புதுத் திரைக்குச் செலவு செய்யும் எண்ணம் இல்லை. படங்கள் மட்டும் வேண்டும்.
– வாசகி, ஜீவன்பீமா நகர்

ப: போனை ஆஃப் செய்து மறுபடி ஆன் செய்து பார்க்காதீர்கள். இப்போது கைரேகையில் திறக்கும் போன், ரீஸ்டார்ட் ஆனதும் பூட்டைத் திறக்கும் பின் எண்ணைக் கேட்கும். யூஎஸ்பி வழியாகத் திரையை வெளியே அனுப்பும் வசதியுள்ள மாடல் என்றால் (சாம்சங் எஸ் வரிசையில் பல) டைப்-சி ஹப் ஒன்றில் டிவியையும் மவுஸையும் மாட்டினால் வீட்டிலேயே முடிந்துவிடும். அந்த வசதி இல்லாத போனுக்கு எளிய வழி, கடையில் சோதனைக்கு வைத்திருக்கும் பழைய டிஸ்ப்ளேயை ஒட்டாமல் மாட்டி, பின் எண் அடித்து, படங்களை கம்ப்யூட்டருக்கோ கார்டுக்கோ ஏற்றிக்கொள்வது. டச் வேலை செய்யாவிட்டாலும் ஓடிஜி மவுஸ் (போனிலேயே மாட்டும் மவுஸ்) போதும். இதற்கு மணிக்கணக்குக் கூலி பேசிக்கொள்ளுங்கள், டிஸ்ப்ளே விலை கொடுக்க வேண்டியதில்லை. பின் எண்ணை எழுதிக் கொடுத்துவிட்டு வராமல், பக்கத்தில் உட்கார்ந்து நீங்களே அடியுங்கள்.